லெபோ அம்பாங் மாடிப் பட்டறை: கல்லில் எவ்வளவு பொன் என்று சொல்வார்கள், கைக்கு வருமா என்று சொல்ல மாட்டார்கள்

கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில், நகைக்கடை வரிசைக்குப் பின்புறம் மாடியில் இயங்குகிறது இந்தப் பட்டறை. கீழே பெயர்ப்பலகை கிடையாது. பழைய நகை உருக்குவது, 916 மாற்றுப் பார்ப்பது, பத்தர்களின் பட்டறைத் தூசியிலிருந்து பொன் மீட்பது, இவைதான் அன்றாட வேலை. தாதுக்கல்லில் தங்கம் எவ்வளவு என்று நெருப்புச் சோதனை செய்து, அதாவது கல்லைப் பொடித்து உலையில் உருக்கித் தங்கத்தைப் பிரித்து நிறுத்து, சீட்டுக் கொடுப்பது பக்கத் தொழில். நகையோ உலோகமோ கொண்டுபோகிறவர் தயங்காமல் படியேறலாம். கல்லைத் தூக்கிக்கொண்டு போகிறவர் மட்டும் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு படியேறுவது நல்லது. இந்த மதிப்புரை பெரும்பாலும் அவருக்காகத்தான்.

மேசைமேல் இருக்கும் எக்ஸ்-ரே துப்பாக்கியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் நீட்டச் சொல்கிறார்கள். நகைக்கு அது நல்ல கருவி. ஒரு நிமிடத்துக்குள் தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம் என்று விழுக்காடு வந்துவிடும். ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டுமே. கனமாக முலாம் பூசிய வளையலும் அதன் கண்ணுக்கு நல்ல தங்கம்தான். பட்டறைக்காரருக்கு இது தெரியும். சந்தேகமான பொருளை அரத்தால் ராவி, ராவிய இடத்தில் மறுபடி வைத்துப் பார்க்கிறார். கல்லுக்கு இது உதவாது. டன்னுக்கு 2 அல்லது 3 கிராம் தங்கம் இருந்தால் அது மதிப்புள்ள தாது. துப்பாக்கிக்கோ அது எட்டாத அளவு. போதாததற்கு, துத்தநாகத்தின் எக்ஸ்-ரே கோடும் ஆர்சனிக்கின் கோடும் தங்கத்தின் கோடுகளுக்குப் பக்கத்திலேயே விழுவதால், இவை நிறைந்த கல்லில் இல்லாத தங்கம் திரையில் எழும்பும். பகாங் மாநிலத்தின் தங்கப் பட்டையில் ஆர்சனிக் கலந்த ஆர்சனோபைரைட் சாதாரணமாகக் கிடைக்கும் கனிமம். அந்தத் திரையைப் படம் பிடித்து வாட்சப்பில் பங்குதாரர் தேடுகிறவர்களிடம் பணம் கொடுக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

சோதனையில் நேரும் தவறுகளில் பாதிக்குமேல் உலையைப் பற்ற வைப்பதற்கு முன்பே நடந்துவிடும். ஒரு மாதிரிக்கு 1 கிலோவாவது கொண்டுவரச் சொல்கிறார்கள். அது நியாயமான கோரிக்கை. கல்லை உலர்த்தி, தாடை நொறுக்கியில் 2 மில்லிமீட்டர் அளவுக்கு உடைத்து, பாதி பாதியாகப் பிரித்துக் குறைத்து, வளைய அரைவையில் 75 மைக்ரான் சல்லடையில் பெரும்பகுதி இறங்கும்வரை அரைக்கிறார்கள். குறை ஒன்று உண்டு. தங்கம் மிருதுவானது, அரைபடும்போது பொடியாகாமல் நசுங்கி, அரைவையின் சுவரில் அப்பிக்கொள்ளும். வளமான கல்லை அரைத்தபின் வெறும் வெண்மணலைப் போட்டு ஒரு சுற்று ஓட்டித் துடைக்காவிட்டால், அடுத்தவரின் கல்லில் முந்தையவரின் தங்கம் சேரும். நெரிசலான நாட்களில் இந்தச் சுற்றைத் தாண்டிவிடுகிறார்கள். ‘மணல் ஓட்டிவிட்டு அரையுங்கள்’ என்று வாய்விட்டுச் சொன்னால் முகம் சுளிக்காமல் செய்வார்கள்.

கண்ணுக்குத் தெரியும் தங்கம் உள்ள கல் என்றால் இன்னொரு சிக்கல். உலைக்குள் போவது 30 கிராம் பொடிதான். விட்டம் 0.1 மில்லிமீட்டர் உள்ள ஒரு தங்க உருண்டையின் எடை சுமார் 10 மைக்ரோகிராம். அந்த ஒரு துகள் 30 கிராமுக்குள் விழுந்தால் சீட்டில் டன்னுக்கு 0.34 கிராம் கூடும். துகள் 0.3 மில்லிமீட்டர் ஆனால் எடை 270 மைக்ரோகிராமைத் தாண்டும். அது ஒன்று மட்டுமே டன்னுக்கு 9 கிராம் என்று காட்டிவிடும். அதே பையிலிருந்து எடுத்த அடுத்த 30 கிராமில் துகள் விழாமல் போனால் கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டு சீட்டுகளையும் வைத்துக்கொண்டு பட்டறையோடு சண்டை பிடிப்பதில் பொருளில்லை, இரண்டுமே சரிதான். இதற்கு வழி சல்லடைச் சோதனை: 1 கிலோ பொடியை 106 மைக்ரான் சல்லடையில் சலித்து, மேலே தங்கியதை ஒன்றுவிடாமல் உருக்கி, கீழே இறங்கியதில் இரண்டு முறை 30 கிராம் எடுத்து உருக்கி, எடை விகிதப்படி சேர்த்துக் கணக்கிடுவது. மூன்று சோதனைக் கட்டணம் ஆகும் என்பதால் அவர்களாக இதைச் சொல்வதில்லை. கேட்டால் செய்கிறார்கள், சுத்தமாகவும் செய்கிறார்கள்.

உருக்கும் வேலைதான் இந்தப் பட்டறையின் பலம். 30 கிராம் தாதுப் பொடியோடு மிருதார்சிங்கி, சோடா உப்பு, வெண்காரம், வெண்மணல், சிறிது கோதுமை மாவு சேர்த்து மண் மூசையில் கலக்கிறார்கள். மிருதார்சிங்கி என்பது ஈய ஆக்சைடு. மாவிலுள்ள கரி அதன் ஆக்சிஜனைப் பறித்து உலோக ஈயமாக்குகிறது. அந்த ஈயம் மழைத்துளிகளாக உருகிய கசடு வழியே இறங்கும்போது தங்கத்தையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு அடியில் சேர்கிறது. 1 கிராம் மாவு ஏறக்குறைய 10 முதல் 12 கிராம் ஈயம் தரும். கடைசியில் 30 கிராம் அளவுக்கு ஒரு ஈயக்கட்டி கிடைத்தால் போதும் என்பதால், சாதாரண வெண்கல் (குவார்ட்ஸ்) தாதுக்கு இரண்டரை, மூன்று கிராம் மாவு.

எல்லாக் கல்லுக்கும் இதே கலவையைப் போடுகிற இடங்கள் உண்டு. அங்கே சல்பைடு தாது, அதாவது கந்தகம் சேர்ந்த கல், கொடுத்தால் கெட்டது. பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமமும் மாவைப் போலவே ஈயத்தைப் பிரிக்கும், 1 கிராமுக்குச் சுமார் 11 கிராம். 30 கிராம் தாதில் 5 கிராம் பைரைட் இருந்தால் மாவே போடாமல் 55 கிராம் ஈயம் வந்து நிற்கும். அடுத்த கட்டத்தில் ஈயத்தை உறிஞ்ச வேண்டிய சாம்பல் கிண்ணம் அதைத் தாங்காது. கந்தகம் இன்னும் மிஞ்சினால் கசடுக்கும் ஈயத்துக்கும் நடுவில் கருத்த, நொறுங்கும் ஓர் அடுக்கு உருவாகி, தங்கத்தில் ஒரு பங்கை விழுங்கி வைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து வெடியுப்பு. 1 கிராம் வெடியுப்பு ஏறக்குறைய 4 கிராம் ஈயத்தை மறுபடி ஆக்சைடாக்கும். மேற்சொன்ன கல்லுக்கு மாவை நிறுத்திவிட்டு 6 கிராம் வெடியுப்புச் சேர்த்தால் கட்டி 30 கிராமுக்கு இறங்கும். இங்கே ஒவ்வொரு புதுக் கல்லுக்கும் முதலில் சிறிய அளவில் ஒரு முன்னோட்ட உருக்கு ஓட்டி, ஈயம் எவ்வளவு விழுகிறது என்று நிறுத்துப் பார்த்தபின்தான் கலவையை முடிவு செய்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே கூடுதல் கட்டணம் கொடுக்கலாம்.

1000 பாகை செல்சியசைத் தாண்டிய உலையில் ஒரு மணி நேரம்போல வைத்து, இரும்புக் கூம்பு அச்சில் ஊற்றி, ஆறியதும் கசடை உடைத்து, கட்டியைச் சுத்தியலால் சதுரமாகத் தட்டுகிறார்கள். கசடு கண்ணாடிபோல ஒரே சீராக இருக்க வேண்டும். உள்ளே சிறு ஈய மணிகள் சிதறிக் கிடந்தால் கசடு கெட்டியாக இருந்திருக்கிறது, அந்த உருக்கைத் தூக்கியெறிய வேண்டும். கசடைக் காட்டச் சொன்னால் இங்கே காட்டுகிறார்கள்.

அடுத்தது கியூப்பல் என்ற சாம்பல் கிண்ணம். எலும்புச் சாம்பலில் அழுத்திச் செய்தது. ஏறக்குறைய தன் எடை அளவு ஈயத்தை உறிஞ்சும். உலையின் கதவைச் சற்றே திறந்து காற்று விட்டால், ஈயம் ஆக்சைடாகி உருகி, கிண்ணத்துக்குள் இழுபட்டுப் போகிறது. சிறு பங்கு புகையாகப் போகிறது. கடைசியில் ஒரு மின்னல் வெட்டியதுபோலப் பளிச்சென்று நிறம் மாறி, வெள்ளியும் தங்கமும் மட்டும் ஒரு மணியாக நிற்கும். ஈய ஆக்சைடு உருகுவது 888 பாகையில். உலை அதற்குக் கீழே இறங்கினால் ஈயம் உறைந்து வேலை நின்றுவிடும். மிகவும் ஏறினால் வெள்ளி வீணாகும், தங்கமும் கொஞ்சம் போகும். சரியான சூட்டில் கிண்ணத்தின் விளிம்பில் இறகுபோன்ற மஞ்சள் படிகங்கள் படியும். வேலை முடிந்த கிண்ணங்களைப் பட்டறை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறது. விளிம்பில் இறகு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பச்சைக் கறை தெரிந்தால் கல்லில் செம்பு இருக்கிறது, அது பின்னால் தொல்லை தரும் என்று பொருள்.

மணியிலிருந்து வெள்ளியைக் கழிப்பது நைட்ரிக் அமிலத்தின் வேலை. தங்கம் ஒரு பங்கு என்றால் வெள்ளி மூன்று பங்காவது இருக்க வேண்டும். குறைந்தால் அமிலம் உள்ளே நுழையாது, தங்கத்தோடு வெள்ளியும் நிறுக்கப்பட்டு எண் பெருத்துவிடும். அதனால் ஆரம்பத்திலேயே சில மில்லிகிராம் வெள்ளி சேர்த்துத்தான் உருக்குகிறார்கள். இதில் ஒரு விளைவு உண்டு: உங்கள் கல்லில் வெள்ளி எவ்வளவு என்று இந்தச் சீட்டு சொல்லாது. வெள்ளி வேண்டுமானால் தனியாகச் சொல்லித் தனி உருக்குப் போட வேண்டும். முதலில் நீர்த்த அமிலம், பிறகு கடுமையான அமிலம், இரண்டும் கொதிக்காத சூட்டில். அவசரப்பட்டுக் கொதிக்க விட்டால் தங்கம் தூளாகச் சிதறி, வடிக்கும்போது கூடவே போய்விடும். கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள குளோரைடு பட்டதும் வெள்ளி பால்போலத் திரிந்து தங்கத்தின்மேல் படியும். இங்கே வாலைநீர்தான் புழங்குகிறார்கள். கழுவி முடித்த பழுப்புத் துணுக்கைச் சுட்டால் மஞ்சள் திரும்பும், அதைத்தான் நிறுக்கிறார்கள்.

30 கிராம் பொடியில் டன்னுக்கு 1 கிராம் என்றால் கையில் இருப்பது 30 மைக்ரோகிராம் தங்கம். தராசு 1 மைக்ரோகிராம் காட்டும் வகை. கண்ணாடிப் பெட்டிக்குள், ஏசி காற்று படாத மூலையில் வைத்திருக்கிறார்கள். இந்த அளவில் மிருதார்சிங்கியில் ஒட்டியிருக்கும் தங்கம்கூடக் கணக்கைக் கெடுக்கும். ஆகவே தாதே போடாத வெற்று உருக்கு ஒன்றும், தங்க அளவு தெரிந்த ஒப்பு மாதிரி ஒன்றும் ஒவ்வொரு உலைச் சுற்றிலும் இருக்க வேண்டும். பட்டறை வெற்று உருக்குப் போடுகிறது, ஒப்பு மாதிரி போடுவதில்லை. இதுதான் பெரிய குறை. வங்கிக்கோ முதலீட்டாளருக்கோ காட்டும் சீட்டு வேண்டும் என்பவர்கள் தரச்சான்று பெற்ற ஆய்வுக்கூடத்துக்குப் போவதே முறை. சொந்தத் தெளிவுக்கு என்றால் ஒரே பையை இரண்டாகப் பிரித்து, வேறு வேறு எண்ணிட்டு, இரண்டு மாதிரியாகக் கொடுங்கள். விடை எவ்வளவு நெருங்கி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இனி, சீட்டு சொல்லாதது. நெருப்புச் சோதனை கல்லுக்குள் இருக்கும் மொத்தத் தங்கத்தையும் பிடிக்கும். பைரைட்டுக்குள் புதைந்ததையும், கரியோடு ஒட்டியதையும் விடாது. ஆலையில் தங்கத்தை எடுப்பது நெருப்பல்ல, சயனைடு. 1887இல் கிளாஸ்கோவில் மெக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்ட வழிதான் இன்றும் நடக்கிறது: சுண்ணாம்பு போட்டுக் காரத்தன்மையை 10.5 பிஎச் அளவில் நிறுத்திய நீரில் நீர்த்த சோடியம் சயனைடு, கூடவே காற்று. காரத்தன்மை 9.2க்கு இறங்கினாலே சயனைடில் பாதி நச்சு வாயுவாக மாறும் நிலைக்கு வந்துவிடும். சூத்திரப்படி 1 கிராம் தங்கம் கரைய அரை கிராம் சயனைடு போதும். நடைமுறையில் ஒரு டன் கல்லுக்கு நூற்றுக்கணக்கான கிராம், சில கற்களுக்குக் கிலோக்கணக்கில் செலவாகும். செம்புக் கனிமங்களும் பிர்ரோடைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமமும் தங்கத்துக்கு முன் சயனைடைக் குடித்துவிடுகின்றன. கிண்ணத்தில் பச்சைக் கறை தொல்லை என்று சொன்னது இதற்காகத்தான்.

இது ஏட்டுக் கதை அல்ல என்பதற்குப் பகாங்கே சாட்சி. குவாலா லிப்பிஸ் பக்கத்துப் பெஞ்சோம் சுரங்கத்தில் தாதோடு கரிச்சத்து கலந்திருந்தது. சயனைடில் கரைந்த தங்கத்தை அந்தக் கரி திரும்ப உறிஞ்சிக்கொண்டதால், கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்க வழக்கமாகப் போடும் கார்பனை விட்டுவிட்டு ரெசின் (பிசின்) மணிகளைக் கொண்டு தங்கத்தைப் பிடிக்கும் முறைக்கு அவர்கள் மாற வேண்டியிருந்தது. பகாங்கின் இன்னொரு சுரங்கமான செலின்சிங்கில் மேலடுக்கு ஆக்சைடு தாது தீர்ந்து சல்பைடு வந்தபோது, மிதப்பு முறையில் (கனிமத்தை நுரையில் மிதக்கவிட்டு) அடர்தாது எடுக்கும் ஆலையாக மாற்றினார்கள். இந்த இரு வகைக் கல்லிலும் சீட்டு 4 கிராம் என்று சொல்லலாம்; நேரடியாகச் சயனைடில் போட்டால் அதில் ஒரு பகுதிதான் வெளியே வரும். சீட்டை மட்டும் வைத்து டன் கணக்கில் பெருக்கி லாபம் போடுகிறவர்கள் விழும் குழி இது.

எவ்வளவு வரும் என்று அறிய உருளைப் புட்டிச் சோதனை செய்ய வேண்டும்: 1 கிலோ பொடி, ஏறக்குறைய அதே எடைக்குச் சற்று அதிகமான நீர், சுண்ணாம்பு, லிட்டருக்கு 1 கிராம் சோடியம் சயனைடு, புட்டியை 24 முதல் 48 மணி நேரம் உருட்டி, இடையிடையே கரைசலை எடுத்து அளப்பது. கரைசலில் தங்கம் முதலில் ஏறிப் பிறகு இறங்கினால் கரி திருடுகிறது என்று அறியலாம். பட்டறை இதைச் செய்வதில்லை, செய்யவும் கூடாது. ஒரே மாடியில் அமிலப் புட்டிகளும் சயனைடும் இருப்பது சாவுக்கு அழைப்பு. பகாங்கின் ரவுப் புக்கிட் கோமானில் சயனைடு ஆலை குறித்துக் குடியிருப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதை மறந்துவிட்டு, கோலாலம்பூர் கடைவீட்டில் இதைக் கேட்கிறவர்களைப் பட்டறைக்காரர் திருப்பி அனுப்புகிறார். சரியான முடிவு. ஆனால் ‘அது வேறு சோதனை, இங்கே போய்க் கேளுங்கள்’ என்று ஒரு வரி சீட்டிலேயே எழுதலாம். ஈப்போவில் கனிம, புவி அறிவியல் துறையின் கனிம ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முதல் விசாரணைக்கு அதுவே நல்ல இடம். சயனைடில் ஊறி முடிந்த வண்டலை மட்டும் நன்கு கழுவி உலர்த்தி நெருப்புச் சோதனைக்கு இங்கே கொண்டுவரலாம், என்ன வண்டல் என்பதைச் சொல்லிவிட்டு.

நகை பக்கம் சுருக்கமாக. ‘தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்’ என்ற பழமொழிக்குப் பயந்தவர்களுக்கு இங்கே ஆறுதல் உண்டு: உருக்குவது கண்ணெதிரே, சோதனைக்கு வெட்டிய கால் கிராமில் கடைசியாக மிஞ்சும் தங்கச் சுருளும் திரும்பக் கைக்கு வரும். உருக்கியபின் எடை குறைந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம். அழுக்கு எரியும், பற்றவைக்கும் பொடியிலுள்ள துத்தநாகமும் காட்மியமும் ஆவியாகும். அதனால் உருக்கியபின் வரும் எடையையும் மாற்றையும் வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

999க்குச் சுத்திகரிக்க இராஜ திராவகம், அதாவது ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு. வெள்ளி பத்து விழுக்காட்டைத் தாண்டிய பொன்னை நேரே போட்டால் வெள்ளிக் குளோரைடு மேலே தோல்போல மூடி வேலையை நிறுத்திவிடும். அப்படிப்பட்டதை முதலில் வெள்ளி கூட்டி உருக்கி நைட்ரிக்கில் கழிக்கிறார்கள். கரைந்தபின் மிஞ்சிய நைட்ரிக்கை ஓட்டிவிட்டுச் சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டால் தங்கம் பழுப்புச் சேறாக இறங்கும். 1 கிராம் தங்கத்துக்குக் கணக்குப்படி 0.72 கிராம், கையிருப்பாக ஒன்று, ஒன்றேகால் போடுவார்கள். நைட்ரிக் மிஞ்சியிருந்தால் இறங்கிய தங்கம் திரும்பக் கரையும், போட்ட உப்பெல்லாம் நுரையாகும். தெளிந்த நீரை ஊற்றுவதற்கு முன் ஸ்டேனஸ் குளோரைடு ஒரு சொட்டு விட்டுக் கத்தரிப்பூ நிறம் எழுகிறதா என்று பார்க்கிறார்கள். எழுந்தால் தங்கம் இன்னும் நீரில் இருக்கிறது.

பட்டறைத் தூசியில் மட்டும் தகராறு வரும். எரித்து, காந்தத்தால் இரும்பை எடுத்து, அரைத்துச் சலித்த பிறகே மாதிரி எடுக்க வேண்டும். சாக்கின் மேலிருந்து ஒரு பிடி அள்ளிச் சோதித்தால் யாருக்கோ நட்டம். மாதிரி எடுக்கும்போது கூட நிற்பது உங்கள் உரிமை.

புகைக்கூண்டு நன்றாக இழுக்கிறது, ஈய உலைக்கும் அமில மேசைக்கும் தனித்தனி அறை. உடைந்த மூசைகளும் ஈயம் குடித்த கிண்ணங்களும் 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிகளின்கீழ் வரும் அட்டவணைக் கழிவு (அபாயக் கழிவு) என்பது தெரிந்து, மூடி போட்ட பீப்பாயில் தேதி எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளை அழைத்துப் போகாதீர்கள். மேசையில் ஈயத்தூசி இருக்கும், அங்கே தேநீர் கொடுத்தால் நாகரிகமாக மறுத்துவிடுங்கள்.

கல் கொண்டுபோகிறவர்கள் எங்கிருந்து எடுத்தது என்பதற்கான உரிமத் தாளின் நகல், 1 கிலோவுக்குக் குறையாத உலர்ந்த கல், பையின் வெளியிலும் உள்ளேயும் எண், இவற்றோடு போங்கள். பைரைட் பளபளப்போ, கை வைத்தால் கறுக்கும் கரியோ இருந்தால் கொடுக்கும்போதே சொல்லுங்கள். அரைத்து மிஞ்சிய பொடியைத் திருப்பித் தரும்படி சீட்டில் எழுதி வாங்குங்கள். கேட்காவிட்டால் சில வாரங்களில் கொட்டிவிடுகிறார்கள், பிறகு மறுசோதனைக்குக் கல் இருக்காது.